வன்னிக் காடும் குளமும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியிற் செல்வோர் மாங்குளம் சந்தியில் மேற்கே திரும்பின் மல்லாவியை அடைவர். துணுக்காய்ப் பிரிவைச் சேர்ந்த இவ்வூர்க்கு அணித்தே வவுனிக்குளம் பரந்து கிடக்கின்றது. வடகீழ்ப் பருவமழையால் குளம் நிறையும் நாட்களில் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே கூடும். முதிரையும் பாலையும் ஓங்கிய காட்டில் யானைத் தடங்களையும் காணலாம். இவ்வனப்பைக் கண்டு திரும்புவோர், மனிதர் கைபடாத இயற்கையைக் கண்டோமென்று கூறுதல் வழக்கம். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வன்னியின் தென்மேற்குப் புறமாகப் பாயும் அருவியாற்றின் கரைவழியே 1679-ஆம் ஆண்டு இரு ஆங்கிலேயர் நடந்தனர். கண்டியரசனின் சிறையிற் பல்லாண்டு வாடித் தப்பியோடிய றொபேர்ட் நொக்ஸும் அவர்தம் தோழருமே அவ்விருவர். ஒக்டோபர் 18-ஆம் நாள் அவர்கள் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தனர். 1681-இல் வெளிவந்த தமது நூலில் நொக்ஸ் அவ்வழியில் எதிர்ப்பட்ட யானைகளைக் கூறுகின்றார். அதனோடு, ஆற்றோரத்தே செதுக்கிய கற்றூண்கள் நிமிர்ந்து நின்றதையும் கற்பாலங்கள் சிதைந்து கிடந்ததையும் குறிக்கின்றார். விலங்குகட்கு அஞ்சி நடந்த அவர் கண்களுக்கும், அக்காடு ஒருகாலத்தில் ஊராயிருந்த செய்தி புலனாயிற்று.

வவுனிக்குளமும் இதற்குச் சான்று பகர்கின்றது. பாலியாற்றின் நீரைத் தேக்கும் இக்குளத்தை, நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் ஆராய்ந்து, 1909-இல் வெளியான தமது நூலில் விரித்தெழுதினார். மகாவமிசம் கூறும் பெலிவாபி இதுவே என்பதும், இது கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தது என்பதும் அவர் கருத்து. கட்டியவர் எவரென்பதில் அறிஞர் வேறுபடினும், குளக்கட்டு மனிதர் உழைப்பால் எழுந்ததென்பதில் ஐயமில்லை.

நிற்க, பறவைகட்கும் குளக்கட்டுக்கும் உள்ள தொடர்பு யாது? வன்னியாறுகள் மாரியிற் பெருகிக் கோடையில் வற்றுவன. கட்டு நீரை மறித்து நிறுத்துவதால் மீன் பெருகுகின்றது. நீர் வற்றுந்தோறும் அலைகரையில் ஆழங்குறைந்த சேற்றுநிலம் தோன்றுகின்றது. அஃதே கொக்குக்கும் நாரைக்கும் இரைக்களமாகின்றது. துருசு வழியே செல்லும் நீர் வயலை நனைக்க, வயலும் பறவைகட்கு உணவளிக்கின்றது. காட்டு விலங்குகளுக்கும் வேனிற்காலத்தில் குளமே தஞ்சம். ஆகவே, உழவன் நெல்லுக்காகத் தேக்கிய நீரே புள்ளினத்தின் வாழிடமாயிற்று.

காலப்போக்கில் அரசுகள் தளர்ந்தன. போரும் மலேரியாச் சுரமும் குடிகளைக் குறைத்தன. கட்டுகள் உடைந்த குளங்கள் பலவற்றைக் காடு மூடிற்று. 1950-களில் வவுனிக்குளம் திருத்தப்பட, மக்கள் குடியேறினர். மீண்டும் 2008-இல் போர் நெருங்கியபோது மல்லாவி மக்கள் வீடும் வயலும் விட்டுக் கிழக்கே பெயர்ந்தனர். 2009-இல் போர் முடிந்தபின், மிதிவெடி அகற்றும் பணி நிகழ, மீள வந்தனர். ஆளற்ற வயலில் பற்றை மண்டுவதற்குச் சில மாரிகளே போதும். வழிப்போக்கர் அதனை ஆதிக்காடென்று எண்ணினும் வியப்பில்லை.

இவ்வெண்ணத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து சென்று சேரும் சுண்டிக்குளம் 1938-இல் சரணாலயமாகவும், 2015-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகட்கு இக்காவல் இன்றியமையாதது. எனினும், நிலத்தை ஆளற்ற காடென்றே கொண்டு எல்லை வகுப்பின், அங்கு உழுதவரும் வலை வீசியவரும் தம் நிலத்திலேயே அயலாராவர். உழவுநிலம் ஒன்றையே கருதி எஞ்சிய காட்டையும் அழிப்பின், குளத்துக்கு நீர்தரும் நிலம் வறண்டு உழவும் கெடும். காட்டையும் குடியையும் ஒருங்கே காத்தலே முறையாகும்.

ஆதலின், விடுமுறையில் வன்னி செல்லும் மாணவர் பறவைகளின் பெயரைக் குறித்துக்கொள்வதோடு நில்லாது, அவை இறங்கும் குளத்தின் பெயரையும், அதன் கட்டையும் துருசையும் வானையும் கேட்டறிதல் வேண்டும். அவ்வூர் முதியோரே அதற்குத் தக்க ஆசிரியராவர்.