கிரில் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கா? தேய்க்காதீங்க... சுட்டு எடுங்க!

பழவேற்காடு இறாலை மசாலா தடவி மொட்டை மாடியில் கிரில் போட்டாச்சு. சாப்பிட்டும் முடிச்சாச்சு. மறுநாள் பார்த்தால் அந்த செராமிக் கல் முழுக்கக் கறுப்பா, பிசுபிசுன்னு எண்ணெய். உடனே ஸ்டீல் நாரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் எடுக்கிறீங்களா? கொஞ்சம் நில்லுங்க.

மேல்பூச்சு இல்லாத செராமிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கும். நம்ம மண்சட்டி மாதிரிதான். சோப்பு போட்டால் அதையும் குடிச்சு வச்சிருந்து, அடுத்த முறை சமைக்கும்போது சாப்பாட்டில் கக்கும். அதனால் இதற்குத் தீதான் சரியான வைத்தியம். சூடு ஏற ஏற எண்ணெய் முதலில் புகையும், பிறகு கரியாகும், கடைசியில் சாம்பலாக உதிரும். வெளிநாட்டில் 'செல்ஃப் கிளீனிங்' என்று விற்கிற அவன்கள் சுமார் 480 டிகிரி செல்சியஸ் வரை போய்ச் செய்வதும் இதைத்தான்.

கல் தாங்குமா என்று பயப்பட வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்னஸ் பக்கம் ஷிஃப்ட் பார்ப்பவரைக் கேளுங்க. இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேணும். அந்தச் சூட்டை உள்ளே தாங்கி நிற்கிற ஃபயர் பிரிக்ஸும் ஒருவகை செராமிக்தான். ஆனால், புதுசா லைனிங் போட்ட ஃபர்னஸை எடுத்த எடுப்பில் முழுச் சூட்டுக்கு ஏற்ற மாட்டாங்க. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி லைனிங்கைப் பிளந்துவிடும். உங்க கிரில் கல்லுக்கும் அதே கதைதான்.

முதலில் மரக் கரண்டியாலோ ஸ்கிரேப்பராலோ ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுங்க. கல் ஈரமா இருந்தா ரெண்டு நாள் வெயிலில் காயட்டும். நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சமா என்ன! பிறகு கிரில் குளிர்ச்சியா இருக்கும்போதே கல்லை, பிசுக்கு உள்ள பக்கம் நெருப்பைப் பார்த்த மாதிரி உள்ளே வச்சு, கரியைப் பற்ற வச்சு, மூடியை மூடி, காற்றுத் துளைகளை மெதுவாகத் திறங்க. 300 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றால் போதும். அப்புறம் எல்லாத் துளையையும் அடைச்சுட்டு, அதுவாக ஆறும்வரை தொடாதீங்க. சூட்டில் தண்ணீர் தெளிச்சா 'படக்'குனு ரெண்டு துண்டுதான். ஆறியதும் சாம்பலைத் தட்டிவிட்டால் வேலை முடிஞ்சது. கறை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும், அது அழுக்கு இல்லை.

சொட்டச் சொட்ட எண்ணெய் இருந்தா மட்டும் சுரண்டித் துடைக்காமல் வைக்காதீங்க, தீப்பிடிக்கும். பிடிச்சுட்டா தண்ணி ஊத்தக் கூடாது. மூடியைப் போட்டு, காற்றை அடைக்கணும்.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கு. ஆன்லைனில் 'செராமிக்' என்று வாங்குகிற கிரில் பான் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செராமிக் கோட்டிங் போட்டது. அதை இப்படிச் சுட்டால் கோட்டிங் போயிடும். நான்ஸ்டிக் டெஃப்லான் என்றால் இன்னும் மோசம், 260 டிகிரிக்கு மேல் அது சிதைய ஆரம்பித்து நச்சுப் புகை விடும். இது ரெண்டுக்கும் வெந்நீர், லிக்விட், மெத்தென்ற ஸ்பான்ஜ் போதும்.

கரி கிரில் இல்லை, ரூமில் ஓ.டி.ஜி.தான் இருக்கு என்பவர்கள் இந்த வேலையே வேண்டாம். அது பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். புகை வருமே தவிர, பிசுக்கு முழுசா எரியாது. கேஸ் அடுப்புத் தீயில் நேராக வைத்தால் ஒரே இடத்தில் சூடேறி விரிசல் விடும். பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, சுரண்டி, ஈரத் துணியால் துடைச்சுக் காய வைங்க. அது போதும்.

மழை வருது என்று கரி கிரிலை ரூமுக்குள் இழுத்துட்டு வராதீங்க, வராண்டாவும் வேண்டாம். எரியும் கரி கார்பன் மோனாக்ஸைடு விடும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாலு பேர் தூங்குகிற சின்ன ரூமில் அது ஆளையே கொல்லும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்றால் எல்லோரையும் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்துட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

அணைஞ்ச மாதிரி தெரிகிற கரியும் மறுநாள் வரை உள்ளே கனன்றுகொண்டு இருக்கலாம். அதை பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், மூடி போட்ட தகர டப்பாவில் வைங்க.