மைதானம் நிறைகிறது, கல்லா நிறையவில்லை

2013 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்தில் பேருந்துகள் வந்து நின்றன. மறுநாள் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் ஆட்டம். ஆட்டக்காரர்கள் பேருந்தில் ஏறவில்லை. ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் ஊர் திரும்பிக் கொண்டாடும் நாள் அது. எதிரணி இல்லாமல் ஆட்டம் நின்றுபோனது.

கறுப்பின மாணவர்கள் நடத்திய இந்த வேலைநிறுத்தத்தை அன்று பல ஏடுகள், காசில்லாத ஒரு சின்னக் கல்லூரியின் வீட்டுச் சண்டையாகவே எழுதின. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணிக்குக் கோபம் வந்துவிட்டதாம். அந்த மாணவர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பயிற்சிக் கூடத்தில் பூஞ்சை படர்ந்திருக்கிறது, தரை பெயர்ந்து கிடக்கிறது, சீருடைகள் சரியாகத் துவைக்கப்படாததால் தோல் தொற்று வருகிறது, கான்சஸ் சிட்டிக்கும் இண்டியானாபொலிசுக்கும் பல மணி நேரம் பேருந்திலேயே உட்கார்ந்து போய் இறங்கி ஆட வேண்டியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். பயிற்சியாளர் டக் வில்லியம்ஸ் பழைய மாணவர்களிடம் நன்கொடை வாங்கித் தரைவிரிப்பு வரவழைத்தார். நடைமுறைப்படி வாங்கவில்லை என்று நிர்வாகம் அதைப் போடவிடவில்லை. செப்டம்பரில் அவரை வேலையை விட்டும் நீக்கியது. 1988-இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அணியை வழிநடத்தி வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் இந்த டக் வில்லியம்ஸ்தான்.

மாணவர்கள் திங்கட்கிழமை பயிற்சிக்குத் திரும்பினார்கள். அணிகளின் கூட்டமைப்பு கிராம்ப்ளிங்குக்கு 20,000 டாலர் அபராதம் விதித்தது. பூஞ்சை துடைக்கக் காசில்லாத கல்லூரிக்கு அபராதம்! கொண்டாட்ட நாள் வருமானத்தை இழந்த ஜாக்சன் ஸ்டேட்டும் நட்டஈடு கேட்டது. அதுவும் கறுப்பினக் கல்லூரிதான்.

காசு ஏன் இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். 2008-க்குப் பிறகு லூசியானா அரசு உயர்கல்விக்கான பணத்தை வெட்டத் தொடங்கியது. ஐந்தாறு ஆண்டுகளில் கிராம்ப்ளிங்குக்கு மாநிலம் தந்த தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கிராம்ப்ளிங்கிலிருந்து எட்டு கிலோமீட்டரில் ரஸ்டன் என்ற ஊரில் லூசியானா டெக் இருக்கிறது. 1894-இல் வெள்ளையருக்காகத் தொடங்கப்பட்டது. கிராம்ப்ளிங் 1901-இல் கறுப்பின விவசாயிகள் தம் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெற்ற பள்ளியிலிருந்து வளர்ந்தது. எட்டு கிலோமீட்டருக்குள் ஒரே அரசின் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஏன் என்று யாராவது கேட்டால் ஊரும் சேரியும் ஏன் இரண்டாக இருக்கின்றன என்று நாம் திருப்பிக் கேட்கலாம். பதில் ஒன்றுதான்.

இங்கே பேசுவது நாம் ஆடும் கால்பந்தைப் பற்றி அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து இது. ஓர் அணிக்கு நூறு பேர் வரை வேண்டும். கவசம், மருத்துவம், பயணம், உணவு என்று கல்லூரி விளையாட்டுகளிலேயே அதிகச் செலவு பிடிப்பது இதுதான். கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் 1892 டிசம்பர் 27 அன்று, வட கரோலினாவின் சாலிஸ்பரியில், லிவிங்ஸ்டன் கல்லூரியின் முன்புல்வெளியில் பனி கொட்டக் கொட்ட நடந்தது. மாணவர்கள் கைக்காசு போட்டுப் பந்து வாங்கினார்கள். தினம் போட்டுக்கொண்டு நடக்கும் செருப்பிலேயே ஆணிக்கட்டை அடித்து ஆடினார்கள். சார்லட் நகரத்துப் பிடில் அணி வென்றது. அடிமை முறை ஒழிந்து அப்போது முப்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து எண்பது ஆண்டுக்காலம் தென் மாநிலங்களின் கறுப்பின இளைஞனுக்கு ஆட வேறு கல்லூரி இல்லை. வெள்ளையர் கல்லூரிகள் அவனைச் சேர்க்கவில்லை. அந்தக் கொடுமைக்குள்ளேயே ஒரு பெரிய ஆட்ட மரபு வளர்ந்தது. எடி ராபின்சன் 1941-இல் கிராம்ப்ளிங்கில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். புல் வெட்டினார், சுண்ணாம்புக் கோடு போட்டார். வெளியூர் போகும்போது வழியில் உள்ள உணவகங்கள் கறுப்பருக்குச் சோறு போடாது என்பதால் ஆட்டக்காரர்களுக்கு ரொட்டியும் கட்டிக்கொடுத்தார். 1997-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 408 வெற்றிகள். அவரிடம் ஆடிய பால் யங்கர் 1949-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசியத் தொழில்முறைப் போட்டிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பின்னால் கிராம்ப்ளிங்கிலிருந்து மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மிசிசிப்பியின் இட்டா பீனா என்ற சிற்றூர்க் கல்லூரியிலிருந்து ஜெரி ரைசும், ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து வால்டர் பேட்டனும் போனார்கள்.

1960-களின் இறுதியிலிருந்து தென் மாநில வெள்ளையர் கல்லூரிகள் கதவைத் திறந்தன. கறுப்பின இயக்கம் ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது, அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் கல்லூரிகள் கறுப்பின மாணவரைத் தேடியதைவிடக் கறுப்பின ஆட்டக்காரனை அவசரமாகத் தேடின. 1970-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஓர் அணியில் சாம் கன்னிங்காம் என்ற கறுப்பின இளைஞர் ஆடி, அலபாமா அணியை அதன் சொந்த மாநிலத்திலேயே 42-21 என்று தோற்கடித்ததை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். அதன்பின் நல்ல ஆட்டக்காரர்கள் பெரிய மைதானம், பெரிய விடுதி, தொலைக்காட்சி உள்ள இடங்களுக்குப் போனார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களை வளர்த்த கல்லூரிகளுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. 2021-இல் தேசியத் தொழில்முறை அணிகள் நடத்திய ஆட்டக்காரர் தேர்வில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட எடுக்கப்படவில்லை.

சரி, ஆட்கள் போய்விட்டார்கள், கூட்டமும் போய்விட்டதா? போகவில்லை. சின்னக் கல்லூரி ஆட்டங்களுக்குக் காசில்லை என்றால் பார்க்க ஆளில்லை என்றுதான் பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பல சின்னக் கல்லூரிகளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். கறுப்பினக் கல்லூரிகளுக்கு அது பொய். இரண்டாம் அடுக்குப் போட்டிகளில் பல பத்தாண்டுகளாக அதிகக் கூட்டம் சேர்ப்பது கிராம்ப்ளிங்கும் ஜாக்சன் ஸ்டேட்டும் உள்ள கூட்டமைப்புத்தான். 2021-இல் ஜாக்சன் ஸ்டேட்டின் சொந்த மைதானத்துக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 42,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1974 முதல் நன்றி கூறும் திருநாளை ஒட்டி நியூ ஆர்லியன்சில் கிராம்ப்ளிங்கும் சதர்ன் பல்கலைக்கழகமும் மோதும் ஆட்டம் ஒரு திருவிழா. இடைவேளையில் யாரும் எழுந்து போக மாட்டார்கள், பேண்டு வாத்தியக் குழுக்கள் களமிறங்கும் நேரம் அது. பாதிப் பேர் வருவதே அதற்குத்தான். மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்.

இத்தனை பேர் வந்தும் கல்லா ஏன் நிறையவில்லை? இந்த ஆட்டத்தில் பெரும்பணம் நுழைவுச்சீட்டிலிருந்து வருவதில்லை. ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. பெரிய கூட்டமைப்புகளின் ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கான கோடி டாலர் கணக்கு. கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கிடைப்பது அதில் தூசு. அடுத்து, பழைய மாணவர்களில் பணக்காரர்கள் தரும் நன்கொடை. தாத்தா நிலமில்லாக் குத்தகைக்காரர், அப்பா பள்ளி ஆசிரியர் என்ற குடும்பத்தில் முதல் பட்டதாரி, தன் படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டே கல்லூரிக்கு எவ்வளவு தர முடியும்? ஏறத்தாழ நூறு கறுப்பினக் கல்லூரிகளின் அறக்கட்டளை நிதியை எல்லாம் கூட்டினாலும் ஹார்வர்ட் என்ற ஒரே பல்கலைக்கழகத்தின் நிதிக்கு அருகில் வராது. பெரிய நகரங்களின் வாடகை மைதானத்தில் ஆடும்போது கூட்டம் கொண்டுவரும் காசில் விடுதிக்காரர், கடைக்காரர், ஏற்பாட்டாளர் எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஆகவே இந்தக் கல்லூரிகள் தங்கள் பிள்ளைகளின் உடம்பை விற்கின்றன. கடுமையான சொல்தான், ஆனால் வேறு சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகம் தன் பருவத்தொடக்கத்தில் எளிதாக ஜெயிக்க ஓர் அணியைத் தேடும். தோற்பதற்குக் கூலி தரும். 2012-இல் ஜார்ஜியாவின் சவானா ஸ்டேட் முதல் வாரம் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, அடுத்த வாரம் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. இரண்டாவது ஆட்டத்தை இடி மின்னல் பாதியில் நிறுத்தியது, இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். மறு ஆண்டு ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஒஹையோ ஸ்டேட்டிடம் 76-0 என்று தோற்று 9 லட்சம் டாலர் கொண்டுவந்தது. பத்தொன்பது வயதுப் பையன் தன்னைவிட முப்பது கிலோ கனமானவனிடம் மோதி விழுந்து எழுந்து சம்பாதித்த பணத்தில் மற்ற விளையாட்டுகளும் நடந்தன. அவனுக்கு அதிலிருந்து ஒரு சல்லிக்காசு கிடையாது.

2020-இல் டியான் சாண்டர்ஸ் என்ற பெரும் நட்சத்திரம் ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராக வந்தார். நாட்டின் முன்னணி இளம் ஆட்டக்காரர் டிராவிஸ் ஹன்டர் வெள்ளையர் கல்லூரியை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தார். தொலைக்காட்சி வந்தது. ஐம்பதாண்டு ஓட்டம் திரும்பிவிட்டது என்று கொண்டாடினார்கள். ஆனால் 2022 ஆகஸ்டில் ஜாக்சன் நகரத்தின் குழாய்களே வற்றின. பெரும்பான்மையாகக் கறுப்பின மக்கள் வாழும் அந்த நகரத்தின் குடிநீர் அமைப்பைப் பல்லாண்டுகளாகச் சீரமைக்காமல் விட்டதன் விளைவு. குளிக்கத் தண்ணீர் தேடி அணி விடுதிக்கு மாற வேண்டியிருந்தது. பயிற்சிக் கூடம் கட்டி முடிக்கத் தன் சம்பளத்தில் பாதியைத் தருவதாகச் சாண்டர்ஸ் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கொலராடோவுக்குப் போய்விட்டார், ஹன்டரும் போனார். அவரைத் துரோகி என்று திட்டியவர்கள் உண்டு. ஒரு மனிதரின் சம்பளத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கூடம் கட்ட வேண்டியிருந்ததே, அந்த அரசைத் திட்டியவர்கள் குறைவு.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு ஆட வேண்டும் என்று கேட்பவர்களையும் நாம் மதிக்கிறோம். அம்பேத்கர் 1946-இல் கடிதம் எழுதினாரே, அந்த டூபாய்ஸ் 1930-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் கறுப்பின மாணவர்களின் விளையாட்டு மோகத்தைக் கடிந்துகொண்டார். டல்லாஸ் நகரத்தின் பால் குவின் கல்லூரி 2007-இல் கால்பந்தையே நிறுத்தியது. சுற்றுவட்டாரத்தில் காய்கறிக் கடையே இல்லாத பகுதி அது. 2010-இல் ஆட்டக்களத்தை உழுது காய்கறி பயிரிட்டார்கள். நல்ல முடிவு என்றே எங்களுக்கும் தோன்றுகிறது. ஆனால் ஊரையே ஒன்றாகக் கூட்டும் ஒரே நாளை இழப்பது எல்லாக் கல்லூரிக்கும் முடிகிற காரியமல்ல. தவிர, சின்னக் கல்லூரிகள் பலவற்றில் அணிச்செலவின் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்து போகிறது. கடன் வாங்கிப் படிக்கும் ஏழைப் பெண்ணும் அதைக் கட்டுகிறாள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி பெரிய பல்கலைக்கழகங்கள் 2025-26 ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேராகத் தரலாம் என்றானது. பழைய ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய 280 கோடி டாலர் நட்டஈட்டில் ஒரு பங்கைச் சின்னக் கல்லூரிகளுக்கு வரும் பொதுப் பங்கிலிருந்தும் பிடிக்கிறார்கள்.

இந்தக் கணக்கின் அடியில் இருப்பது 1890-இல் போடப்பட்ட ஒரு சட்டம். கறுப்பினரைச் சேர்க்காத மாநிலம் அவர்களுக்கென்று தனி வேளாண்மைக் கல்லூரி வைக்க வேண்டும், பணத்தை நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்றது அது. பிற்காலத்தில் ஒன்றிய அரசு தரும் நிதிக்கு மாநிலம் சமபங்கு தர வேண்டும் என்ற விதி வந்தது. பல மாநிலங்கள் வெள்ளையர் கல்லூரிக்கு முழுப்பங்கு தந்துவிட்டு, கறுப்பினக் கல்லூரிக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டன. 2023 செப்டம்பரில் ஒன்றியக் கல்வி, வேளாண்மைத் துறைச் செயலர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பதாண்டுகளில் அந்தக் கல்லூரிகளுக்குத் தராமல் விட்டது 1,200 கோடி டாலருக்கும் மேல். 76-0 என்று அடிவாங்கி 9 லட்சம் கொண்டுவந்த ஃபுளோரிடா ஏ அண்ட் எம்முக்கு மட்டும் ஏறத்தாழ 190 கோடி. டென்னசி ஸ்டேட்டுக்கு 210 கோடி.

டென்னசி மாநிலம் 2022-இல் ஒரே தவணையாக 25 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. கடிதம் வந்த பிறகு, 2024 மார்ச்சில், நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி டென்னசி ஸ்டேட்டின் அறங்காவலர் குழுவை முழுவதுமாகக் கலைத்தது.