மரத்தூளில் தொடங்கிய கதை: கார் ஃப்ரிட்ஜை எப்படி அடுக்குவது?

மே கடைசியில், மழைக்குச் சற்று முன்னால், மும்பைக்காரர்கள் பலர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பண்டார்தரா பக்கம் கிளம்பிவிடுவார்கள். மின்மினிப் பூச்சி பார்க்க! அங்கே ராத்திரி மரங்கள் முழுக்க மின்னும். செம்பூர், மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. நமக்குத்தான் தயிர் சாதம் இல்லாமல் கூடாரமும் இல்லை, மின்மினியும் இல்லையே. அதனால் கூடவே ஒரு கார் ஃப்ரிட்ஜும் போகிறது. காரின் 12 வோல்ட் பிளக்கில் ஓடும் சின்னப் பெட்டி.

அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே புகார்தான் சொல்கிறார்கள். "சார், ஆறு மணி நேரம் ஓடியும் மோர் ஜில்லென்று இல்லை." பெட்டியில் தப்பு இருக்கலாம். ஆனால் முக்கால்வாசி நேரம் தப்பு அடுக்கியதில்தான். இந்த அடுக்கும் கலைக்கு ஏறக்குறைய இருநூறு வருஷ வரலாறு உண்டு. அதில் நம்ம மும்பைக்கும் சென்னைக்கும் நல்ல பங்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு வருகிறேன்.

ஃப்ரெடெரிக் டியூடர் என்று பாஸ்டன் நகரத்து வியாபாரி ஒருவர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐஸை வெட்டி வெயில் நாடுகளில் விற்றால் என்ன என்று யோசித்தார். 1806-ல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்கு முதல் கப்பல் அனுப்பினார். ஊரே சிரித்தது. அவர் நொடித்துப்போய், கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். (வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு திட்டத்தோடு யாராவது வந்தால் நானும் கடன் கொடுத்திருக்க மாட்டேன்.)

மனிதர் விடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்: ஐஸை எதில் சுற்றினால் குறைவாக உருகும்? வைக்கோல், தோல் பதனிடும் பட்டைத்தூள், உமி என்று பலதையும் பார்த்தார்கள். கடைசியில் ஜெயித்தது மரத்தூள். அந்தப் பக்கத்து மர அறுவை மில்களில் குப்பையாகக் கிடந்த சமாச்சாரம். தூளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. இன்றைய தெர்மோகோலும் செய்வது இதே வேலைதான்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். 1825-ல் நதானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்தார். நாம் வயலில் உழுவதுபோல் ஏரியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, ஒரே அளவில் சதுரக் கட்டிகளாக வெட்டலாம். இதனால் வெட்டும் செலவு குறைந்தது. அதோடு, கட்டிகளைக் கப்பலில் செங்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கவும் முடிந்தது. நூறு தனித்தனிக் கட்டிகள், ஒட்டி அடுக்கியதும் ஒரே பெரிய கட்டி ஆகிவிடுகின்றன. வெப்பம் வெளிப்பக்கத்தை மட்டும்தான் தொட முடியும். உள்ளே இருப்பது பத்திரம்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனில் இருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. உள்ளே சுமார் 180 டன் ஐஸ். நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் 44 சதவீதம் வாராக்கடன்! அப்படியும் வியாபாரம் கட்டுப்படியானது. ஐஸ் ஏரியில் சும்மா கிடந்தது, மரத்தூள் குப்பை, இந்தியா வரும் கப்பல்களிலோ போதிய சரக்கு இல்லாமல் இடம் காலியாக இருந்தது. கல்கத்தாவில் ஐஸுக்குச் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தார்கள். வெயில் படாமல் ராத்திரியில் இறக்கிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார்கள். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு, கூட வந்த ரோஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார்.

அடுத்த வருஷமே, 1834-ல், ஐஸ் பம்பாய்க்கும் வந்துவிட்டது. வரவழைத்தது ஜஹாங்கீர் நுஸர்வான்ஜி வாடியாவின் நிறுவனம். பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் (ஜே.ஜே. ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அவர்தான்) ஒரு விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினார். விருந்து கொடுத்தவருக்கும் சாப்பிட்டவர்களுக்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று 'பம்பாய் சமாச்சார்' செய்தி போட்டதாம். "ஐஸ் வாட்டர் குடிச்சா தொண்டை கட்டும்டா" என்ற நம் பாட்டிகளின் எச்சரிக்கை பம்பாயில் ஐஸ் இறங்கிய வருஷமே அச்சேறிவிட்டது!

1843-ல் கோட்டைப் பகுதியில், கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ் கிடங்கு கட்டினார்கள். இன்று காமா ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட் இருக்கும் இடம் அது. கல்கத்தாவிலும் சென்னையிலும்கூடக் கிடங்குகள் இருந்தன. மூன்றில் மிஞ்சியது நம் சென்னையில் மட்டும்தான். ஆமாம், திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது. பிறகு பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். 1897-ல் விவேகானந்தர் தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை அங்கே நடத்தினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பேட்டைக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

1870களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். சென்னையில் 1874-ல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி வந்தது. பாஸ்டன் கப்பல்கள் மெல்ல நின்றுபோயின. ஐஸ் பணக்காரர் மேஜையில் இருந்து இறங்கி ஊருக்குள் வந்தது. இன்று விடியற்காலையில் சஸூன் டாக் போய்ப் பாருங்கள். உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மறுபடி ஐஸ் என்று கோலிப் பெண்கள் இடுக்கில்லாமல் அடுக்குவார்கள். டியூடர் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாடம் அதே பாடம்.

இந்தப் பாடத்தின் உண்மையான மதிப்பு தெரிய வேண்டும் என்றால் தாராவிக்குப் போக வேண்டும். 1995-ல் பல்ஸ் போலியோ திட்டம் தொடங்கியது. கார் நுழையாத, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், தோளில் ஒரு சின்னப் பெட்டியோடு சுகாதாரப் பணியாளர்கள் ஏறி இறங்கினார்கள். அந்தப் பெட்டிக்கு பிளக் கிடையாது, மோட்டார் கிடையாது. நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பாக்கெட், நடுவே பிளாஸ்டிக் பையில் மருந்துக் குப்பிகள், மேலே இறுக்கமான மூடி. அவ்வளவுதான். அந்தச் சொட்டு மருந்தின் ஒரு பகுதி பக்கத்திலேயே பரேலில், ஹாஃப்கின் நிறுவனத்தில் தயாரானது.

குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைக் குப்பையில் போட வேண்டியதுதான். 1996 முதல் போலியோ குப்பிகளில் வந்த ஏற்பாடு இது. தொழிற்சாலையில் இருந்து குழந்தையின் வாய் வரை எவ்வளவு வெப்பம் சேர்ந்தது என்று காட்டும் பாஸ்புக். இதில் பற்று மட்டும்தான், வரவே கிடையாது. திரும்பக் குளிர வைத்தாலும் கறுத்தது வெளுக்காது. 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27-ல் சான்றிதழ் கிடைத்தது. மருந்துக்கும் உழைப்புக்கும் சேர வேண்டிய பெருமைதான். ஒழுங்காக அடுக்கிய பெட்டிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு விதியும் இருக்கிறது. சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். அவற்றை எடுத்துப் போகும்போது ஐஸ் பாக்கெட்டை ஃப்ரீசரில் இருந்து எடுத்தவுடன் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும்.

இந்த விதியை நான் கவனித்துக் கேட்டதற்குக் காரணம் அம்மா. அவருக்கு இன்சுலின். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பதுதான் வெளியூர்ப் பேச்சு எடுத்தால் அவர் பதில். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் கெட்டுவிடும். பயந்துபோய் ஐஸோடு ஒட்டி வைத்தாலோ உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகிப் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் போடக் கூடாது.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 250 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரிதான் வாங்கும். அதாவது வெறும் பாட்டில்களைக் குளிர வைக்கவே 3 கிலோவுக்கு மேல் ஐஸ் காலி. கார் ஃப்ரிட்ஜின் சின்ன மோட்டாருக்கும் இதே சுமைதான். ஆறு மணி நேரம் ஓடியும் மோர் ஜில்லென்று ஆகாத ரகசியம் இதுதான். குளிர வைப்பதை வீட்டு ஃப்ரிட்ஜ் செய்யட்டும். கார் ஃப்ரிட்ஜ் அதைக் காப்பாற்றினால் போதும்.

ஆகவே, முதல் நாள் ராத்திரியே கார் ஃப்ரிட்ஜை வீட்டு மின்சாரத்தில் ஓடவிடுங்கள். பால், தயிர், தண்ணீர் எல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு மாற்றுங்கள். தோசை மாவைப் பாதிக்கு மேல் நிரப்பாத டப்பாவில் வையுங்கள் (வழியில் பொங்கினால் பெட்டி முழுக்க மாவு). வட்ட டப்பாக்களைவிடச் சதுர டப்பா நல்லது, கலப்பைக்காரர் வைத் சொன்ன பாடம். காலி இடத்தைக் குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களால் அடையுங்கள். மூடியைத் திறக்கும்போது அந்த இடத்தில் வெந்நிறக் காற்று வந்து உட்காராது. அடிக்கடி எடுப்பது மேலே, ராத்திரிச் சமையலுக்கானது அடியில்.

இன்சுலினைத் தனிச் சின்ன டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். குளிரூட்டும் சுவரிலோ ஐஸ் பாக்கெட்டிலோ படக் கூடாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். பெட்டியின் எண் பலகை காட்டுவது வேறு, நடுவில் இருக்கும் நிஜம் வேறு. டியூடர் கப்பலை நாலாபுறமும் மூடினார், ஆனால் நாம் கார் ஃப்ரிட்ஜை அப்படிப் போர்த்தக் கூடாது. உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தை அது பக்கவாட்டுக் கம்பித் தடுப்பு வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. போர்வையை அதன் மேல் போட்டால் மோட்டார் திணறும்.

கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்பார்கள். மருந்துக்கு மருந்து இது மாறும். அம்மாவுக்கு நாங்கள் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. இப்போது அவர் கேட்பது ஒன்றுதான், "அந்தக் கூடாரத்துல உட்கார ஒரு நாற்காலி இருக்குமாடா?"