வலைக்கண்ணும் கேமராக் கண்ணும்

மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரை நிரம்பி வழியும். விருத்தகிரீஸ்வரருக்கு ஊரிலேயே தீர்த்தவாரி. பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் ஆற்றோடு நிற்பதில்லை. கிழக்கே கிள்ளை முழுக்குத்துறை வரை போய்க் கடலில்தான் தீர்த்தமாடுவார். வழியில் கிள்ளை தர்காவில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்பது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். களிமண், சூளை, அகல் விளக்கு என்று ஆண்டைக் கழிக்கும், பீங்கான் நகரமான விருத்தாசலத்துக்காரர்களுக்கும் கடல் பார்க்க அது நல்ல சாக்கு.

இப்போது எல்லார் கையிலும் கேமரா. எடுத்த படங்களில் அலை இருக்கும், படகு இருக்கும், படகில் சாய்ந்து நிற்கும் குடும்பம் இருக்கும். அதே படகின் நிழலில் குந்தி வலை பொத்திக்கொண்டிருப்பவர் மட்டும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிவார். இந்த ஓரவஞ்சனைக்கு வயது நூற்று எழுபதாவது இருக்கும்.

கேமரா தமிழகக் கரையில் புழக்கத்துக்கு வந்தது 1850களில். பிரெடரிக் ஃபீபிக் என்ற ஜெர்மானியர் சென்னையையும் படமெடுத்து, அச்சுகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார். அவர் எடுத்த படங்களில் ஏறக்குறைய ஐந்நூற்றை 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மண்பாண்டக் கலையும் புகைப்படக் கலையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கற்றுத்தரப்பட்டன. விருத்தாசலத்துக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய சேதி இது.

ஆனால் அந்தக் காலக் கேமராவுக்கும் கடலுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு படம் பதிய நொடிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில் எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். கோயில் நிற்கும், அலை நிற்குமா? மெட்ராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லினேயஸ் டிரைப், தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் என்று சுற்றி எடுத்த படங்களில் கோபுரங்களின் சுதை வேலைகூடத் துல்லியம், ஆனால் மனிதர்கள் அரிது. 1880வாக்கில் உலர் தகடு வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் படமெடுக்க முடிந்த பிறகுதான் அலை அலையாகவே பதிந்தது.

அதற்குப் பின் கடற்கரைப் படத்துக்குக் கேட்கவே வேண்டாம். நிக்கலஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற சென்னை ஸ்டூடியோக்களுக்கு மசூலாப் படகும் கட்டுமரமும் அமுதசுரபி. 1900க்குப் பின் அஞ்சலட்டை மோகம் கிளம்பியபோது, நுரையைக் கிழித்துப் பாயும் கட்டுமரம் ஊர் ஊராகக் கப்பலேறியது. கட்டுமரம் என்ற சொல்லோ அதற்கு வெகு முன்பே போய்விட்டது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே கட்டுமரம் ஆங்கில உருவில் இடம்பிடித்திருக்கிறது.

மசூலாவைப் படமெடுத்தவர்கள் அதன் தையலைக் கவனித்தார்களா தெரியாது. அதில் ஆணியே கிடையாது. பலகைகளில் வரிசையாகத் துளை போட்டு, இணைப்பில் வைக்கோல் வைத்து, கயிற்றால் இறுக்கித் தைத்திருப்பார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கும் சாகிபுகளும் கரை சேர்ந்தது இந்தத் தையல் படகில்தான். அலை அடித்துத் தரையில் மோதும்போது ஆணியடித்த படகு விரியும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கயிறு நைந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம்.

நூல் வேலையின் முழு நுணுக்கத்தையும் பார்க்க வலைக்கு வர வேண்டும். நைலானுக்கு முந்திய வலை பருத்தியும் சணப்பும்தான். இரண்டும் மக்கும். ஆகவே கடலிலிருந்து வந்த வலையை அன்றன்றே அலசிக் காயப்போட வேண்டும். அவ்வப்போது பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்பான சாயத்தில் முக்க வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கரையெங்கும் விரித்துக் கிடக்கும் கருத்த வலை அழகுக்கு விரித்ததல்ல. அது வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பார்த்து நடந்த பராமரிப்பு. மீனுக்கு ஏற்றபடி வலைக்கண் மாறும், காற்றுக்கு ஏற்றபடி மீன் மாறும். ஒரு வீட்டில் ஒரே ஒரு வலை வைத்துக்கொண்டு ஆண்டை ஓட்ட முடியாது.

கிழிந்த வலையைப் பொத்துவது பார்க்க விசித்திரமாக இருக்கும். முதலில் கிழிசலை இன்னும் பெரிதாக்குவார்கள். தொங்கும் பிசிறுகளை அறுத்தெறிந்து, நல்ல முடிச்சு தட்டுப்படும்வரை வெட்டிக்கொண்டே போவார்கள். பிறகு வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, நூல் சுற்றிய தட்டையான ஊசியை ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் விட்டு வாங்கி முடிச்சுப் போடுவார்கள். கண் அளவு மாறக் கூடாது. ஒரு கண் பெரிதானால் மீன் நழுவும், சிறிதானால் அந்த இடத்தில் வலை சுருண்டு இழுக்கும். பழகிய கைக்கு அளவுகோல் வேண்டாம், விரலே போதும்.

இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த இந்தப் பிரிட்டிஷ்காரர் 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி எழுதினார். பின்னர் ராஜதானியின் மீன்பிடி முறைகளையும் கரை கரையாகப் பதிவு செய்தார். அஞ்சலட்டைக்காரர்கள் அலையைத் துரத்தியபோது இவர் முடிச்சையும் கயிற்றையும் பார்த்தார். அரசுத் துறை வெளியீடுகள் சுவாரசியமாக இருப்பதில்லை என்பவர்கள் ஹார்னெலைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

1950களுக்குப் பின் நைலான் வந்தது. மக்காத நூல், காயப்போடத் தேவையில்லாத வலை. மீனவருக்கு அது பெரிய விடுதலை. சாயத் தொட்டிகள் வேலையற்றுப் போயின. அடுத்து வலையை எந்திரமே பின்னத் தொடங்கியது. கடலூர்ப் பக்கம் வலை பொத்துவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. தெற்கே கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரையிலோ வலை பின்னுவது ஏராளமான பெண்களுக்கு வீட்டிலிருந்தே கிடைத்த வருமானம். எந்திரம் அதைப் பிடுங்கியபோது அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். எந்திரம் நின்றபாடில்லை. இன்று நாகர்கோவில் சுற்றுவட்டாரம் வலைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போனது.

கட்டுமரத்தின் முறை 2004 டிசம்பர் 26இல் வந்தது. சுனாமி கடலூர்க் கரையின் கட்டுமரங்களையும் வலைகளையும் வாரிச் சுருட்டியபின், நிவாரணமாக வந்து இறங்கியவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அஞ்சலட்டையில் உலகம் சுற்றிய கட்டுமரம் சொந்தக் கரையில் அருகிப்போனது.

வலை பொத்தும் கை மட்டும் இன்னும் இருக்கிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2001இல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தக் கோடையில்தான் துறைமுகங்களில் நீலமும் பச்சையுமாக வலை பொத்துவதற்காக மலைமலையாகக் குவிந்து கிடக்கும். ஆனால் நரம்புபோல் மெல்லிய நைலான் வலைகளைப் பொத்துவது கட்டுப்படியாகாது. வலையை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு, மேல் கயிறு, மிதவை, ஈயக் குண்டு ஆகியவற்றைப் புது வலையில் கோத்துக்கொள்வார்கள்.

இப்படிக் கழித்துப் போட்ட பல வகை வலைகளும் சந்தை வழியாக உள்நாட்டுக்கு வருகின்றன. கீரைப் பாத்திக்கு வேலி, கோழிக்கு அடைப்பு, பூசணிக்கொடிக்குப் பந்தல். விருத்தாசலத்துக் கொல்லைப்புறத்தில் அப்படி ஒரு நீல வலை தொங்கினால் கிட்டப்போய்ப் பார்க்கலாம்: எந்திரம் போட்ட சீரான கண்களுக்கு நடுவே, வேறு நிற நூலில் கையால் பொத்திய ஏழெட்டுக் கண்கள் இருக்கலாம்.