சூதை நம்பிய கடற்கரை நகரம்

சூதாடி நாடிழந்த மன்னர் கதைகளைக் கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சூதின் கேட்டை எடுத்துரைப்பதற்கென்றே திருவள்ளுவரும் ஓர் அதிகாரம் வகுத்தார். தனி மனிதன் சூதாடிக் கெடுவது ஒன்று. பிறர் ஆடும் சூதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு நகரம் அதனால் உயர்ந்து அதனாலேயே தாழ்வது வேறொன்று. இதற்கு அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள அட்லாண்டிக் சிட்டியைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. அந்நகரின் சரித்திரத்தை ஆராய்வோமாயின், அதன் வருங்காலம் எதைப் பொறுத்தது என்பதும், ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர் எதுவாயினும் அது அஞ்சவேண்டியது யாது என்பதும் விளங்கும்.

இருப்புப்பாதை ஈன்ற ஊர்

நியூ ஜெர்சி மாநிலத்தில் அப்சீகன் என்றொரு மணல் தீவு உண்டு. அத்தீவின் கடற்காற்று நோயாளர்க்கு நலந்தரும் என்று கூறி அங்கு நகரமொன்றை எழுப்ப முயன்றவர் ஜோனதன் பிட்னி என்னும் மருத்துவர். 1854ஆம் ஆண்டில் பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையிலுள்ள காம்டனிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது; அவ்வாண்டிலேயே நகரமும் பிறந்தது. விருந்தினர் காலில் ஒட்டிய மணல் விடுதிகளுக்குள்ளும் இரயில் பெட்டிகளுக்குள்ளும் புகாதபடி 1870இல் கடலோரமாய் மரப்பலகை நடைபாதை அமைத்தனர். 1877இல் இரண்டாவது இருப்புப்பாதை வந்து கட்டணம் குறையவே, ஆலைத் தொழிலாளரும் குடும்பத்தோடு கடல்காண வந்தனர்.

அவ்விருந்தினர்க்குச் சமைத்தவர், பரிமாறியவர், படுக்கை விரித்தவர், அவர்களை நடைபாதையில் நாற்காலி வண்டியில் அமர்த்தித் தள்ளிச் சென்றவர் ஆகியோருள் பெரும்பாலோர், பிழைப்புத் தேடித் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள். நகரின் வடபாகத்திலே அவர்கள் ஒதுங்கி வாழ நேர்ந்தது. கடற்கரையிலும் அவர்களுக்கெனத் தனியிடமே விடப்பட்டது. எவருடைய உழைப்பால் அந்நகரம் சிறந்ததோ, அவர்களுக்குத் தாம் விரும்பிய இடத்தில் கடலாடவும் உரிமையில்லை! செல்வம் ஊருக்கு வருவது வேறு, ஊராரிடம் சேர்வது வேறு என்னும் உண்மை அன்றே அங்கு வெளிப்பட்டுவிட்டது.

பிறர் தடையே தம் வரவு

1920 முதல் 1933 வரை அமெரிக்க நாடெங்கும் மதுவிலக்கு நடந்தது. அட்லாண்டிக் சிட்டியிலோ மது தடையின்றி ஓடிற்று. ஈனாக் ஜான்சன் என்னும் கட்சித் தலைவர், சட்டவிரோதமான மதுவிலும் சூதிலும் பங்கு பெற்று நகரை ஆட்டிவைத்தார். 1941இல் வருமான வரி ஏய்ப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். 1930இல் நகரின் ஜனத்தொகை 66,198. இத்தனை பேரும் வாழ்ந்த வாழ்வில் ஒரு பகுதி, பிற ஊர்களில் மது கிடைக்காமையை நம்பியிருந்தது. விலக்கு நீங்கியதும் அச்சிறப்பும் நீங்கிற்று.

1935இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘மொனாப்பொலி’ என்னும் பலகையாட்டத்தில் உள்ள வீதிகள் இந்நகரின் வீதிகளே. ஒருவர் எல்லா நிலத்தையும் வளைத்துக்கொண்டு மற்றவரை ஓட்டாண்டியாக்குவதே அவ்வாட்டத்தில் வெற்றி. தன் பெயரால் நடந்த அந்த ஆட்டத்தின் பொருளை நகரம் உணரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மோட்டாரும் விமானமும் பெருகின. விடுமுறை மக்கள் புளோரிடா முதலிய இடங்களை நாடினர். 1964இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் கூடியபோது, வந்த பத்திரிகையாளர் பாழடைந்த விடுதிகளைக் கண்டு அவற்றையே நாடறிய எழுதினர்.

காசினோ வந்த கதை

நலிந்த நகரை உயிர்ப்பிக்கச் சூதே மருந்து என்றனர் சிலர். மாநிலத்தில் சூதாட்ட மண்டபங்களுக்கு இடங்கொடுக்கும் யோசனையை 1974இல் மக்கள் தோற்கடித்தனர். அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும் என்று சுருக்கி 1976இல் மறுபடி கேட்டபோது இசைந்தனர். மண்டபங்களின் வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்கு வரியாகப் பெற்று, முதியோர்க்கும் உடற்குறையுற்றோர்க்கும் செலவிடுவதென்று விதித்தனர். 1978 மே 26இல் முதல் மண்டபம் திறந்தது. நெவாடாவுக்கு வெளியே நாட்டில் சட்டம் அனுமதித்த காசினோ அதுவே முதலாவது.

நன்மையே விளையவில்லை என்று நாம் சொல்லோம். 12 மண்டபங்கள் எழுந்தன. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை பெற்றனர். தொழிற்சங்கத்தின் முயற்சியால் பணியாளர் பலர் மருத்துவ உதவியும் ஓய்வூதியமும் பெற்றனர். ஆயின் மண்டபத்துக்குள்ளேயே உணவும் உறைவிடமும் கேளிக்கையும் இருந்தமையால், வந்தவர் வீதியில் கால்வைக்கத் தேவையில்லாமற் போயிற்று. நிலவிலை ஏறவே, ஏழைகளின் வீடுகள் இடிந்து வெற்றுமனைகளாயின. கோடிக்கணக்கில் பணம் புரண்ட அந்நகரில் ஒரு பெரிய மளிகைக் கடை இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தன. 2021இல் அதற்குக் கால்கோள் விழா நடத்தியும் அத்திட்டம் நிறைவேறவில்லை. இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அயலார் விழித்தபோது

1992இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு காசினோ எழுந்தது. 2006இல் அட்லாண்டிக் சிட்டி மண்டபங்களின் வருவாய் 520 கோடி டாலராக உச்சம் கண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே பென்சில்வேனியாவிலும் சூது இயந்திரங்கள் சுழலத் தொடங்கின. பிலடெல்பியாவினர் இனிக் கடற்கரைக்கு வந்து தோற்கவேண்டிய அவசியமில்லை, வீட்டருகிலேயே தோற்கலாம்! 2011இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலும் ஒரு சூது மண்டபம் திறந்தது. அதை நடத்துவோர் மலேசியாவின் கெந்திங் நிறுவனத்தாரே. மூலதனத்துக்குக் கடல் ஒரு தடையன்று. தொழிலாளிக்கோ அடுத்த ஊரும் தூரமே.

பிறகு வீழ்ச்சி விரைந்து வந்தது. 2014ஆம் ஓர் ஆண்டிலேயே நான்கு மண்டபங்கள் மூடப்பட்டு, ஏறத்தாழ 8,000 பேர் வேலையிழந்தனர். சுமார் 240 கோடி டாலர் செலவில் 2012இல் திறந்த ரெவெல் மண்டபமும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டில் அது விலைபோனது 8.2 கோடி டாலருக்கு. 2016இல் தாஜ்மகால் என்னும் பெயர் கொண்ட மண்டபத்தின் தொழிலாளர், பறிபோன மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையாளர் மண்டபத்தையே மூடினார். மண்டபங்களின் மதிப்புச் சரியவே நகரசபையின் வரி வருமானமும் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் நகரின் நிதி நிர்வாகத்தை மாநில அரசு தன் கையிலெடுத்துக்கொண்டது.

வருங்காலம் எங்கே?

2018இல் மூடிய இரு மண்டபங்கள் புதுப்பெயருடன் திறந்தன. இன்று ஒன்பது நடக்கின்றன. ஆயின் புதிய போட்டி வேறு வடிவில் வந்துள்ளது. 2013இல் நியூ ஜெர்சி இணையவழிச் சூதை அனுமதித்தது. 2024இல் அதன் வருவாய் 200 கோடி டாலரைக் கடந்தது. அதன் உரிமங்கள் அட்லாண்டிக் சிட்டி மண்டபங்களின் பெயரிலேயே உள்ளன. ஆடுபவனோ தன் வீட்டுக் கட்டிலிற் கிடந்து ஆடுகிறான். அவனுக்காக எவளும் அறையைப் பெருக்குவதில்லை. எவனும் தட்டுக் கழுவுவதில்லை. நகரம் இல்லாமலே நகரத்தின் தொழில் நடக்கிறது!

சூதுக்கு அப்பாலும் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2018இல் ஸ்டாக்டன் பல்கலைக்கழகம் கடலோரத்தில் ஒரு கல்விக்களம் திறந்தது. கடலில் காற்றாலைகள் நிறுவும் திட்டமொன்று 2023இல் கைவிடப்பட்டது. கடலோ பொறுத்திருக்கவில்லை. 1911 முதல் நடந்துவரும் அளவையின்படி அங்கு நீர்மட்டம் ஓரடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. 2012இல் சாண்டி என்னும் புயல் அந்நகருக்கு அருகிலேயே கரையேறியது.

இச்சரித்திரம் கூறுவது ஒன்றே. கடற்காற்று, மது, சூது என்று மூன்றுமுறை அந்நகரம் பிறரிடம் இல்லாத ஒன்றை விற்றுப் பிழைத்தது. மூன்றுமுறையும் அப்பொருள் பிறரிடமும் வந்ததும் தளர்ந்தது. ஒவ்வொரு முறையும் லாபத்தை மண்டபமாக்கினார்களேயன்றி மனிதராக்கவில்லை. இரப்பர் விலை சரிந்த 1930ஆம் ஆண்டுகளில் கப்பல் கப்பலாகத் திருப்பியனுப்பப்பட்ட தோட்டத் தமிழரின் வழிவந்த நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின் அட்லாண்டிக் சிட்டியின் வருங்காலம் பத்தாவது மண்டபத்தில் இல்லை. விடுதிப் பணிப்பெண்ணின் பிள்ளை அப்பல்கலைக்கழகத்தில் படித்து, அவ்வூரிலேயே தகுந்த வேலைபெற்று, வெள்ளம் புகாத வீட்டிலிருந்து நடந்துபோய் அரிசியும் காய்கறியும் வாங்கக்கூடிய நாள் வருமானால், அந்நாளே அந்நகரம் பிழைத்ததென்று நாம் கொள்வோம். அதுவரை எத்தனை விளக்குகள் கடலோரத்தில் எரிந்தாலும், அவ்வொளி வந்துபோகும் விருந்தினர்க்கே உரியது.