சரக்கைப் பேசவைத்தவர்கள்: வங்காளத்தில் வணிகர்களிடம் விற்கும் கலை, 1892–1976

கல்கத்தா மருந்து வியாபாரியிடம் உள்ளூர்த் தயாரிப்பை எடுத்துச் சென்று ஆர்டர் பிடிப்பது 1892இல் லேசான வேலையல்ல. பாத்கேட், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட் போன்ற வெள்ளைக்காரக் கடைகளின் இறக்குமதிப் புட்டிகள்தான் அன்று தரத்துக்கு அடையாளம். பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிரபுல்ல சந்திர ராய், மேல் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீட்டில், சில நூறு ரூபாய் முதலீட்டில் ‘பெங்கால் கெமிக்கல்’ என்ற பெயரில் மருந்து செய்யத் தொடங்கினார். மருந்து பிரிட்டிஷ் மருந்து நூலின் அளவுகோலுக்கு உட்பட்டது, விலையும் போட்டிக்கு ஏற்றது. அப்படியும் கடைக்காரர்கள் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்தை நாட்டுப்பற்றுக் குறைவு என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடைக்காரரின் பணம் அலமாரியில் முடங்குகிறது. மருத்துவர் எழுதாத மருந்தை எந்த நோயாளியும் கேட்டு வாங்குவதில்லை. சரக்கு தேங்கினால் நட்டம் அவருக்கே. தரத்தைப் பற்றி அவரிடம் எவ்வளவு பேசினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கணக்கை மாற்றியவர் அமூல்ய சரண் போஸ் என்ற மருத்துவர். ராயின் நண்பராகச் சேர்ந்து நிறுவனத்துக்குத் தோள் கொடுத்தவர். அவர் கடைகளை விட்டுவிட்டுத் தன் சக மருத்துவர்களிடம் போனார். ராதா கோவிந்த கர், நீலரதன் சர்க்கார் போன்ற பெயர்பெற்ற மருத்துவர்கள் பெங்கால் கெமிக்கல் மருந்துகளைச் சீட்டில் எழுத முன்வந்தனர். சீட்டோடு நோயாளி கடைக்கு வந்தார். கடைக்காரர் தாமாகவே கொள்முதலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. பணம் கொடுப்பவர் ஒருவர், எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்ற பேதம் தெரிந்து விற்றதற்கு, இந்திய மருந்துத் தொழிலில் இதைவிடத் தெளிவான தொடக்க காலச் சான்றை நான் கண்டதில்லை.

எந்த மருந்துகளை முன்னிறுத்துவது என்பதிலும் இதே சாமர்த்தியம் தெரிகிறது. ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சாரம், குடசப்பாலை, நம் வீடுகளில் ஓமவாட்டர் எனப்படும் ஓமத் தீநீர். கவிராஜர்கள் எனப்படும் ஆயுர்வேத வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த மூலிகைகள் இவை. குணத்தைப் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. அளவும் தரமும் மாறாத புட்டியில் அவற்றை அடைத்துக் கொடுத்ததே நிறுவனம் சேர்த்தது. 1898இல் பிளேக் நோய் அமூல்ய சரணைக் கொண்டுபோயிற்று. ஆனாலும் தொழில் நிலைத்தது. 1901இல் அது வரையறுக்கப்பட்ட கம்பெனியானது.

இதே காலத்துத் தூத்துக்குடியை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளை விற்க வணிகர்களிடம் போனார். அவர் முன்வைத்த வாதத்தில் தேச உணர்வு முதலிடம் பெற்றது. எதிரே நின்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தைச் சரித்து, கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தபோது, அந்த உணர்வு மட்டும் கப்பலை நிரப்பப் போதவில்லை. வ.உ.சி.யின் தியாகத்தை இது சிறிதும் குறைக்காது. வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியதுபோல் போட்டியாளரை முடக்கும் அரசு பெங்கால் கெமிக்கலுக்கு எதிரே நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1903இல் ராஜசேகர் பாசு நிறுவனத்தில் சேர்ந்தார். வேதியியலும் சட்டமும் படித்தவர். பிற்காலத்தில் பவானிபூரின் பகுல்பாகான் சாலையில் வாழ்ந்தவர். 1932 வரை நிர்வாகத்தை நடத்திய அவர் கையில் விற்பனை மொழி மெலிந்து கூர்மையானது. ஓவியர் ஜதீந்திர குமார் சென் விளம்பரங்களுக்குப் படம் வரைந்தார். 1930இல் ‘சலந்திகா’ என்ற வங்க அகராதியைத் தொகுத்த கை, புட்டிச் சீட்டில் மிகைச்சொல் புகுவதை எப்படிப் பொறுத்திருக்கும்?

அதே கை ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் 1922இல் ‘ஸ்ரீ ஸ்ரீ சித்தேஸ்வரி லிமிடெட்’ கதையை எழுதியது. அம்மன் கோயிலைக் கூட்டுப்பங்குக் கம்பெனியாக்கப் புறப்படுகிறது ஒரு கும்பல். காணிக்கை, பிரசாதம், பலியாடுகளின் தோல் வரை வருமானக் கணக்கில் ஏறுகிறது. பங்கு விற்பனை அறிக்கையையே பாசு கதைக்குள் எழுதிக் காட்டுகிறார். அதன் நடை குற்றம் சொல்ல முடியாதது. அங்கே இல்லாதது சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு உண்மை. கடைசியில் ஏமாளியாக நிற்பவர், எல்லாக் கணக்கையும் தாமே நுணுகிப் பார்ப்பதாக நம்பிய ஓய்வுபெற்ற அதிகாரி. பகலில் உண்மையான விற்பனைக் கடிதம் எழுதியவர்தான் இரவில் போலியை இவ்வளவு துல்லியமாக எழுத முடியும் என்பது என் ஊகம். அவர் கதைகளைத் தாகூர் பாராட்டியபோது, தன் மேலாளரை இலக்கியம் பறித்துக்கொள்ளப் பார்க்கிறது என்று ராய் வேடிக்கையாக முறையிட்டார்.

பகுல்பாகான் சாலையில், தாய்மாமன் வீட்டில், ஒரு சிறுவனும் வளர்ந்தான். தந்தை இறந்து குடும்ப அச்சகமும் கைவிட்டுப் போனபின் பவானிபூருக்கு வந்த சத்யஜித் ராய். 1943இல் டி.ஜே.கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்து, வாடிக்கையாளர் கம்பெனிகள் எதற்குத் தலையாட்டும், எதற்கு முகம் சுளிக்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்தார். பரசுராமின் கதைகளில் இரண்டைப் படமாக்கினார். ஆனால் நம் பொருளுக்கு நெருக்கமானது, வங்க எழுத்தாளர் சங்கரின் நாவலைக் கொண்டு 1976இல் அவர் எடுத்த ‘ஜன ஆரண்யா’.

வேலை கிடைக்காத பட்டதாரி சோம்நாத், எதையும் வாங்கி எதையும் விற்கும் ‘ஆர்டர் சப்ளை’ தொழிலில் இறங்குகிறான். ஆலைக்கு வெளுப்பு ரசாயனம் விற்க வேண்டும். உதவிக்கு வரும் நடபர் மித்தர், முடிவெடுக்கும் அதிகாரி யார் என்று கண்டுபிடிக்கிறான். அவரைப் பின்தொடர்ந்து அவர் பழக்கங்களைத் திரட்டுகிறான். எங்கே இளகுவார் என்று தேடுகிறான். அமூல்ய சரண் செய்த ஆராய்ச்சிதான், முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. மருத்துவரிடம் அமூல்ய சரண் கொண்டுபோனது அந்த மருத்துவரே நோயாளியிடம் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு புட்டி. நடபர் அந்த அதிகாரிக்குக் கொண்டுபோக வைப்பது ஒரு பெண்ணை. அவள் தன் நண்பனின் தங்கை என்று தெரிந்த பிறகும் சோம்நாத் அவளை அறைக்குள் அனுப்புகிறான், ஆர்டர் கிடைக்கிறது.