திரும்பிப் பார்ப்பது வேறு, திரும்பிப் போவது வேறு

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனால், குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வந்தவர்களைப் பார்க்கலாம். பட்டா, சாதிச் சான்றிதழ், பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கொரு கோரிக்கை. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30. நம் மக்களின் வரலாற்றில் அதே செப்டம்பர் 30 இன்னும் இரண்டு முறை வருகிறது. அது தற்செயல்தான். ஆனால் அந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் படித்தால், "பழசையே பேசாதீர்கள், முன்னே பாருங்கள்" என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியும்.

முதலாவது 1892 செப்டம்பர் 30. பஞ்சமி நிலங்களுக்கு வழி செய்த 1010ஆம் எண் அரசாணை வெளியான நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் செங்கல்பட்டு பொறுப்புக் கலெக்டர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் நிலம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அன்றைக்குச் சேரியில் குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாரர் கையில் இருந்தது. ஞானஸ்நானம் வாங்கியவர் அந்தக் குடிசையையும் இழக்க நேரிடும். அப்படியும் வாங்கினார்கள்.

மிஷனரிகள் ஆசைகாட்டி இழுத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். நடந்தது பல இடங்களில் நேர்மாறு. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்த மக்களை, சோற்றுக்காக வருகிறார்களோ என்று மிஷனரிகளே சந்தேகப்பட்டார்கள். நம் முன்னோர்களுக்கு மோட்சம் ஒரு பக்கம், பள்ளிக்கூடமும் நிலமும் இன்னொரு பக்கம் என்ற பிரிவே இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், சொந்த மண்ணில் உழ வேண்டும் என்பதும் அவர்களுடைய விசுவாசத்தின் பகுதிதான்.

இரண்டாவது 1985 செப்டம்பர் 30. சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். சூசை, சென்னை எழும்பூரில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். மதம் மாறிய பிறகும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சூசை அதே சாலையோரத்தில் அதே செருப்பைத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு வேர் 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு அசையவில்லை. இன்று ஒரு தலித் கிறித்தவரைச் சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டம் அவருக்குத் துணை வராது. ஞானஸ்நானத் தண்ணீரோடு பழசெல்லாம் போய்விட்டது என்கிறது சட்டம்.

போய்விட்டதா? திருச்சபையைக் கேளுங்கள். தனிக் கல்லறை, தனி வரிசை, தனித் தெரு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். 2016-ல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. அரசு "உனக்குச் சாதி இல்லை" என்கிறது. சபை சாதி பார்த்துக் குழி வெட்டுகிறது. இரண்டு பேரும் சொல்லும் ஆறுதல் மட்டும் ஒன்றுதான்: முன்னே பாருங்கள்.

முன்னே பார்ப்பதைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது? எகிப்தில் அடிமையாக இருந்த மக்கள் வனாந்தரத்தில் அலைந்தபோது, அங்கே தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுதார்கள். அந்த ஏக்கத்தைத்தான் வேதாகமம் கண்டிக்கிறது. ஆனால் புது நிலத்தின் முதல் விளைச்சலைக் கொண்டுவருகிறவன், எங்கள் முன்னோர் நாடோடிகள், அடிமைகள் என்று சொல்லித்தான் படைக்க வேண்டும் என்று உபாகமம் 26 சொல்கிறது. 1980-களில் தலித் இறையியலைத் தொடங்கிவைத்த அர்விந்த் நிர்மல் இந்தப் பகுதியைத்தான் கையில் எடுத்தார். அடிமைப்பட்ட கதையை மறந்தவர்களால் விடுதலையை அறிக்கையிட முடியாது என்று நாம் அதைப் படிக்கிறோம். திரும்பிப் பார்ப்பது வேறு, திரும்பிப் போவது வேறு.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒன்று பைபிள் பெயர், இன்னொன்று மலைச்சாமி பெயர். கேட்ட நிலம் ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முந்தைய ஆணையைத் தேடி எடுத்ததால்தான் அவர்களால் நாளைக்கான நிலத்தைக் கேட்க முடிந்தது.

தோழர்களே, நம்மில் தேவாலயம் போகிறவர்கள் உண்டு, விகாரை போகிறவர்கள் உண்டு, எங்கும் போகாதவர்களும் உண்டு. ஆனால் எல்லாரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் எது என்று பாருங்கள். கல்லறையில் சுவர் இருந்தால் படம் எடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எப்போது, ஏன் வேதத்துக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1985-ல் ஆதாரம் போதாது என்றார்கள். அடுத்த முறை அந்தப் பதில் வரக்கூடாது.

ஜெய்பீம்.